எந்தச் சபையும் சாராத சபை



சென்ற ஆண்டு நம் பங்கு அலுவலகத்திற்கு ஓர் இளம் இணை திருமணப் பதிவுக்காக வந்தது. பெண் நம் பங்கைச் சேர்ந்தவள். அவளது முதல் நற்கருணை விழாவின் புகைப்படத்தில் நாமும் நிற்கிறோம். பையன் வெளியூர். இருவருக்கும் ஒரே நிறுவனத்தில் வேலை. பெண்ணின் தாய் பின்னால் நின்று சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். திருமண முன்விசாரணைப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "தம்பி, நீங்க எந்தச் சபை?" என்று கேட்டோம்.

"சபைன்னு எதுவும் இல்ல பாதர். நாங்க வெறும் கிறிஸ்டியன்ஸ்தான்."

"சி.எஸ்.ஐ.யா? பெந்தகோஸ்தேயா?"

"அதெல்லாம் இல்ல பாதர். எங்களுக்கு டினாமினேஷன் கிடையாது. பைபிள் மட்டும்தான்."

அவர் பணிவாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் குரலில் ஒரு சிறிய பெருமை இருந்தது. 'நீங்கள் எல்லாரும் ஏதோ ஒரு பெயர்ப்பலகையைச் சேர்ந்தவர்கள், நாங்கள் கிறிஸ்துவைச் சேர்ந்தவர்கள்' என்கிற பெருமை. படிவத்தில் அந்தக் கட்டம் வெறுமையாகவே நின்றது.

அந்தக் கட்டம் வெறும் எழுத்தர் வேலை அல்ல. பையன் முறையாகத் திருமுழுக்குப் பெற்றவர் என்றால், திருச்சபைச் சட்டம் 1124இன்படி ஆயரின் அனுமதி பெற்றுத் திருமணத்தை நடத்தலாம். அவர் பெற்றது திருமுழுக்கே அல்ல என்றால் சட்டம் 1086 குறுக்கே வருகிறது. அப்போது ஆயரின் விதிவிலக்கு வேண்டும். அது இல்லாமல் நடத்தும் திருமணம் செல்லாது. ஆக, 'நீங்கள் யார்?' என்ற கேள்விக்கு 'நாங்கள் எதுவும் இல்லை' என்ற பதிலோடு நாம் எழுந்து போய்விட முடியாது. ஒரு பெண்ணின் வாழ்வு அந்தப் பதிலில் தொங்குகிறது.

அமெரிக்காவில் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கப்படும் சமயக் கணக்கெடுப்பில், 2010இல் எச்சபையும் சாராத கிறிஸ்தவக் கூட்டங்கள் சுமார் 35,000 என்று பதிவாயின. 2020இல் அவை 44,000ஐத் தாண்டின. அவற்றைச் சேர்ந்தோர் ஏறத்தாழ 2 கோடியே 10 லட்சம் பேர். அந்நாட்டின் மிகப்பெரிய புரொட்டஸ்டன்ட் சபையான தென்னகப் பாப்டிஸ்ட் சபையைவிட இது பெரிய தொகை. கத்தோலிக்கத் திருச்சபைக்கு அடுத்த இடத்தில், பெயரே வேண்டாம் என்று சொல்பவர்களைக் கணக்கெடுப்பாளர்கள் ஒரு பெயரிட்டு எண்ணி வைத்திருக்கிறார்கள்! அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. எண்ண வேண்டுமானால் ஏதாவது ஒரு தலைப்பு வேண்டும் அல்லவா?

இந்த எண்ணம் புதிதல்ல. 1804ஆம் ஆண்டு ஜூன் 28 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், பார்ட்டன் ஸ்டோன் என்ற பிரெஸ்பிட்டேரிய போதகரும் அவருடைய நண்பர்களும் தாங்களே தொடங்கிய ஸ்பிரிங்ஃபீல்ட் போதகர் மன்றத்தை ஓர் 'இறுதி உயில்' எழுதிக் கலைத்தார்கள். மன்றம் சாகட்டும், கிறிஸ்துவின் உடலோடு கரைந்துபோகட்டும் என்பது அதன் கருத்து. தாமஸ் காம்பெல், அவருடைய மகன் அலெக்சாண்டர் காம்பெல் ஆகியோரும் இதே வழியில் நடந்தனர். இரு இயக்கங்களும் 1832இல் இணைந்தன. விசுவாச அறிக்கை வேண்டாம், விவிலியம் போதும்; சபைப் பெயர் வேண்டாம், கிறிஸ்தவர் என்ற பெயர் போதும் என்றார்கள். அவர்களுடைய ஆவல் உண்மையானது. அதை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் நடந்தது என்ன? வழிபாட்டில் இசைக்கருவி வாசிக்கலாமா, நற்செய்திப் பணிக்குச் சங்கம் அமைக்கலாமா என்ற விவாதங்கள் எழுந்தன. 1906ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் சமயக் கணக்கெடுப்பில் அவர்கள் இரண்டு தனித்தனிச் சபைகளாகப் பதிவானார்கள். பின்னர் மூன்றாவது கிளையும் பிரிந்தது. பிரிவினைகளுக்கு முடிவுகட்டப் பிறந்த இயக்கத்திலிருந்து மூன்று பிரிவுகள்!

நம் ஊருக்கு வருவோம். சென்னையிலேயே இதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த இளைஞரின் கூட்டத்துக்கு அதனோடு நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும் இந்தியாவில் எச்சபையும் சாராத கூட்டங்களைப் பற்றிப் பேச வந்தவர்கள் சகோதரர் பக்த்சிங்கைக் கடந்து போக முடியாது. 1903இல் பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளியில் கொடுத்த விவிலியத்தின் தோல் அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே இருந்த தாள்களைக் கிழித்து எறிந்ததாக அவரே பின்னாளில் சாட்சி சொல்லியிருக்கிறார். பொறியியல் படிக்க 1926இல் இங்கிலாந்து போனார். அங்கிருந்து கனடா சென்று, 1929இல் விண்ணிபெக் நகரில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். 1933இல் நாடு திரும்பியவரிடம், 'ஊருக்குத் தெரியாமல் கிறிஸ்தவனாக இரு' என்று பெற்றோர் கேட்டனர். அவர் மறுத்துவிட்டார். வீடு போயிற்று. தெருவில் நின்று போதிக்கத் தொடங்கினார்.

முதலில் அவர் எல்லாச் சபைகளின் மேடைகளிலும் பேசிய நற்செய்தியாளர்தான். 1941இல் பல்லாவரம் குன்றில் தம் நண்பர்களோடு ஓர் இரவு முழுவதும் செபித்தார் என்றும், அதன் பிறகே சென்னையில் 'யெகோவா ஷம்மா' என்ற தனிக் கூட்டம் பிறந்தது என்றும் அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. எசேக்கியேல் நூலின் கடைசி வசனத்திலிருந்து எடுத்த பெயர் அது. பின்னர் ஐதராபாத்தில் 'எப்ரோன்' அவருடைய பணியின் மையமாயிற்று. 2000ஆம் ஆண்டு செப்டம்பர் 17 அன்று இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

அந்தக் கூட்டங்களின் வழிபாட்டைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். நாற்காலி இல்லை, எல்லாரும் தரையில் அமர்வார்கள். பெண்கள் முக்காடிடுவார்கள். குருத்துவ உடை இல்லை, நிர்ணயித்த சம்பளம் இல்லை, காசு கேட்டு அறிவிப்பு இல்லை. ஆவியானவர் ஏவுகிறபடி யாரும் எழுந்து துதி செலுத்தலாம். ஞாயிறுதோறும் அப்பம் பிட்பார்கள். அது முடிந்ததும் 'அன்பின் விருந்து'. எல்லாரும் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே சோற்றைச் சாப்பிடுவார்கள். யார் என்ன சாதி என்று அந்த இலை கேட்பதில்லை. கல்லறையிலும் சாதிச் சுவர் எழுப்பிய ஊர்களைக் கொண்ட நாம் அந்த இலையைப் பற்றி அதிகம் பேசத் துணியக் கூடாது. நம் மக்களில் சிலர் எங்கே போனார்கள், ஏன் போனார்கள் என்ற கேள்விக்கு அந்த இலையும் ஒரு பதில்.

ஆனால் ஒரு விந்தை. சபைப் பெயரே வேண்டாம் என்றவருடைய கூட்டங்களை ஊர் இன்று எப்படி அழைக்கிறது? 'பக்த்சிங் சபை' என்று!

இதே சென்னையில், அதே பத்தாண்டில், ஒற்றுமைக்கு இன்னொரு முயற்சியும் நடந்தது. 1919இல் தரங்கம்பாடியில் சில சபைத் தலைவர்கள் கூடி இட்ட தொடக்கம், 28 ஆண்டுகள் பேசிப் பேசி, 1947 செப்டம்பர் 27 அன்று தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாகப் பிறந்தது. ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் பிரெஸ்பிட்டேரிய, காங்கிரிகேஷனல் மரபினரும் தத்தம் பெயர்களை மேசைமேல் வைத்து, எதை விடலாம், எதை விட முடியாது என்று வரிவரியாகப் பேசினார்கள். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் பெயரை மறைப்பதால் வேறுபாடு மறைந்துவிடுவதில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். பெயரைத் துறப்பது ஓர் இரவில் முடியும். ஒற்றுமைக்கு 28 ஆண்டுகள்கூடப் போதவில்லை என்பதும் உண்மையே.

சரி, இக்கூட்டங்கள் எதை நம்புகின்றன? 'பைபிள் மட்டும்' என்ற பதிலுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பட்டியல் உண்டு. அந்த இளைஞரே தம் கைப்பேசியில் எடுத்துக் காட்டினார். விவிலியம் தவறற்ற இறைவார்த்தை. ஒரே கடவுள் மூன்று ஆள்களாய் இருக்கிறார். இயேசு உண்மையான கடவுள், உண்மையான மனிதர். கன்னியிடம் பிறந்தார், நமக்காக இறந்தார், உடலோடு உயிர்த்தார், மீண்டும் வருவார். மீட்பு அருளால் விசுவாசத்தின் வழியே வருகிறது. விசுவாசித்தவருக்கு மட்டும் மூழ்கி ஞானஸ்நானம். அப்பமும் இரசமும் நினைவுச் சின்னங்கள்.

படித்து முடித்து, "தம்பி, இதுல பாதிக்கு மேல நாங்க ஞாயிற்றுக்கிழமை திருப்பலியில சொல்ற விசுவாச அறிக்கைதான்" என்றோம். அவர் வியப்போடு பார்த்தார். கடவுள் மூன்று ஆள்கள், இயேசு உண்மையான கடவுள் என்று அவர் எளிதாகச் சொல்லும் சொற்களுக்காக 325இல் நீசேயாவிலும் 381இல் கான்ஸ்டான்டினோபிளிலும் ஆயர்கள் கூடிப் போராடினார்கள். நீசேயாவின் 1700ஆம் ஆண்டு நிறைவுக்காக 2025 நவம்பர் 28 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அதே ஊருக்குச் சென்று, முதுபெரும் தந்தை பர்த்தலமேயுவுடனும் பிற சபைத் தலைவர்களுடனும் செபித்தார். அந்த இளைஞருக்குத் தெரியாமலேயே அவருடைய நம்பிக்கையின் வேர் அந்த ஊரில் இருக்கிறது. கையில் இருக்கும் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் அப்படியே. இன்றைய அதே 27 நூல்களை மட்டும் பட்டியலிட்ட மிகப் பழைய ஏடு, அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் 367இல் எழுதிய பாஸ்கா மடல். ஓர் ஆயர் எழுதிய மடல்! மரபு வேண்டாம் என்று விவிலியத்தைத் தூக்கிக் காட்டும்போது, அந்த விவிலியத்தைக் கட்டித் தந்த கையை மறந்துபோகிறோம்.

பட்டியலின் பிற்பகுதி கிறிஸ்தவ உலகம் முழுவதற்கும் பொதுவானது அல்ல. விசுவாசித்தவருக்கு மட்டும் ஞானஸ்நானம், அப்பம் வெறும் நினைவு என்பவை 16ஆம் நூற்றாண்டின் குறிப்பிட்ட சிலரிடமிருந்து வந்தவை. லூத்தரே இவ்விரண்டையும் ஏற்கவில்லை. ஆகவே எச்சபையும் சாராத கூட்டம் என்பது எல்லாச் சபைகளுக்கும் மேலே நிற்கும் ஒன்று அல்ல. கொள்கையளவில் அது பெரும்பாலும் பாப்டிஸ்ட் மரபு, பல வேளைகளில் பெந்தகோஸ்து வழிபாட்டோடு. பலகையில் மட்டும் அது எழுதியிருக்காது.

தூய பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் முதல் அதிகாரத்தை நாம் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். நான் பவுலின் ஆள், அப்பொல்லோவின் ஆள், கேபாவின் ஆள் என்று கட்சி கட்டியவர்களைக் கண்டிக்கிறார். ஆனால் பட்டியலில் நான்காவதாக ஒரு கூட்டம் இருக்கிறது: 'நான் கிறிஸ்துவின் ஆள்' என்று சொன்னவர்கள். அவர்களையும் பவுல் அதே வரிசையில்தான் நிறுத்துகிறார்.

இப்போது திருமுழுக்கு. 1913-14ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் பெந்தகோஸ்து இயக்கத்தில் ஒரு சாரார், மூவொரு கடவுளின் பெயரால் அல்ல, இயேசுவின் நாமத்தில் மட்டுமே ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று புறப்பட்டார்கள். அந்தப் போதனை நம் நாட்டுக்கும் வந்தது. தனிக் கூட்டங்களில் எது அந்த வழி, எது இந்த வழி என்பது பெயர்ப்பலகையைப் பார்த்தால் தெரியாது. அதனால்தான் நாம் தண்ணீர் இருந்ததா, என்ன சொற்கள் சொன்னார்கள், என்ன நோக்கத்தோடு கொடுத்தார்கள் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டியிருக்கிறது. முறையாக நடந்திருந்தால் அதை நாம் மறுபடி கொடுப்பதில்லை. சட்டம் 869 இதைத் தெளிவாகச் சொல்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1964ஆம் ஆண்டின் கிறிஸ்தவ ஒன்றிப்பு ஏட்டில், கிறிஸ்துவை நம்பி முறைப்படி திருமுழுக்குப் பெற்றவர்கள் முழுமையற்றதாயினும் உண்மையான ஒன்றிப்பில் நம்மோடு இருக்கிறார்கள் என்று கற்பித்தது.

சொற்களில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நம் வீட்டு நிகழ்ச்சியையே சொல்லலாம். 'நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்' என்பதற்குப் பதில் 'நாங்கள்' என்று சொன்னால் அது செல்லாது என 2020 ஆகஸ்டில் உரோமை அறிவித்தது. அமெரிக்காவின் பீனிக்ஸ் மறைமாவட்டத்தில் ஓர் அருள்பணியாளர் பல ஆண்டுகளாக 'நாங்கள்' என்றே சொல்லி வந்தது தெரிந்து, 2022இல் அவர் தம் பங்கின் பொறுப்பிலிருந்து விலகினார். அவரிடம் திருமுழுக்குப் பெற்றவர்களைத் தேடித் தேடி மறுபடி அழைக்க வேண்டியதாயிற்று. (இப்பகுதியில் எப்போதும் 'நாம்' என்றே எழுதும் நாம், திருமுழுக்குத் தொட்டியருகே மட்டும் கவனமாக 'நான்' என்கிறோம்!)

அவர்களுடைய திருமுழுக்கை நாம் ஏற்கிறோம். நம்முடையதை அவர்கள் ஏற்பதில்லை. வலி இங்கேதான். படிவத்தைப் பாதி நிரப்பியபோது பெண்ணின் தாய் வாய் திறந்தார்: "சாமி, கல்யாணத்துக்கு முந்தி இவள மறுபடி தண்ணியில முக்கணும்னு அவங்க பாஸ்டர் சொல்றாராம். அப்போ இந்தக் கோயில்ல குடுத்த ஞானஸ்நானம் என்னாச்சு?"

அந்தக் கேள்விக்கு நம்மிடம் இறையியல் பதில் இருந்தது. சொன்னோம். ஆனால் அந்தத் தாய் கேட்டது இறையியல் அல்ல. 26 ஆண்டுகளுக்கு முன் தம் மகளைக் கைகளில் ஏந்திக்கொண்டு நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை பொய்யா என்று கேட்டார். எந்தச் சபையும் எங்களுக்கு இல்லை என்று சொல்பவர்கள் மற்றச் சபைகள் கொடுத்த திருமுழுக்கைச் செல்லாது என்றால், அவர்களுக்கும் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது என்றுதானே பொருள்? கோடு போடுவது குற்றமல்ல. கோடே இல்லை என்பதுதான் உண்மைக்கு மாறானது.

கண்காணிப்பு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1975இல் சிகாகோ அருகே ஒரு வாடகைத் திரையரங்கில் தொடங்கிய வில்லோ கிரீக் சபை உலகெங்கும் முன்மாதிரியாகப் பேசப்பட்டது. அதன் நிறுவனப் போதகர் பில் ஹைபெல்ஸ், பெண்களிடம் தவறாக நடந்ததாக எழுந்த குற்றச்சாட்டுகளை மறுத்தபோதும் 2018 ஏப்ரலில் விலகினார். முதலில் அவர் பக்கம் நின்ற மூப்பர் குழு முழுவதும் ஆகஸ்டில் பதவி விலகியது. சியாட்டிலில் 1996இல் தொடங்கிய மார்ஸ் ஹில் சபை, போதகர் மார்க் டிரிஸ்கல் 2014 அக்டோபரில் விலகியதும் சில வாரங்களில் கலைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. நிறுவியவரே மேய்ப்பர், அவரே முகம், அவரே முடிவு; அவருக்கு மேல் யாரும் இல்லை என்றால் முறையிட யாரிடம் போவது?

இதை எழுதும்போது கை தயங்குகிறது. நமக்கு ஆயர் உண்டு, அவருக்கு மேல் உரோமை உண்டு. இருந்தும் 2002இல் பாஸ்டனிலிருந்து வெளிவந்தவை நாம் அறிந்ததே. மேலே ஆள் இருந்தும் மூடி மறைத்தார்கள். ஏணி இருப்பதால் மட்டும் யாரும் காப்பாற்றப்படுவதில்லை. ஒரு வேறுபாடுதான்: நம்மிடம் யார் பொறுப்பு என்று விரல் நீட்டலாம், பாதிக்கப்பட்டவர்கள் நீட்டினார்கள், கர்தினால் ஒருவர் பதவி விலகினார்.

நம் முன்னோர் இத்தகையோரைப் 'பதிதர்' என்றார்கள். பிறகு 'பிரிந்த சபையினர்' என்றோம். இன்று நம் இளைஞர்கள் கேலியாக 'அல்லேலூயாக்காரர்கள்' என்கிறார்கள். மூன்றுமே அந்த இளைஞரைப் போன்றவர்களைப் புரிந்துகொள்ள உதவவில்லை. அவரிடம், "உங்க குடும்பம் முன்னால எந்தக் கோயில்?" என்று கேட்டோம். தயங்கிச் சொன்னார். தாத்தா காலம்வரை கத்தோலிக்கர்களாம். தந்தை விபத்தில் அடிபட்டு மூன்று மாதம் மருத்துவமனையில் கிடந்தபோது, அன்றைய பங்கிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தெருமுனையில் ஒரு மாடி அறையில் கூட்டம் நடத்திய பாஸ்டர் தினமும் வந்தார், கஞ்சி கொண்டு வந்தார், கட்டில் அருகே முழந்தாளிட்டார். இதற்கு எந்தச் சட்ட எண்ணைக் காட்டி நாம் பதில் சொல்வது? 1,200 குடும்பங்களுக்கு ஒரு குரு என்று நாம் சொல்லும் கணக்கு சரிதான். கட்டிலில் கிடந்தவருக்கு அந்தக் கணக்கு தெரியாது.

இரண்டு வாரம் கழித்து அந்த இளைஞர் தம் பாஸ்டரின் கடிதத்தோடு வந்தார். கடலில், மூழ்கி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் என்று தேதியோடு எழுதி, சாட்சிகள் இருவர் கையொப்பமிட்டிருந்தார்கள். தாளின் தலைப்பில், எந்தச் சபையும் சாராதவர்களின் அழகான முத்திரை ஒன்றும் இருந்தது. எல்லாவற்றையும் ஆயர் இல்லத்துக்கு அனுப்பினோம். அனுமதி கிடைத்தது. பெண், தன் விசுவாசத்தைக் காத்துக்கொள்வதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கத் திருச்சபையில் வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வதாகவும் கையொப்பமிட்டாள். பையனிடம் இதை விளக்கிச் சொன்னோம். தலையாட்டினார்.

"மறுபடி ஞானஸ்நானம்?" என்று கேட்டோம். பெண் தரையைப் பார்த்தாள். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவ ஏற்கனவே ஞானஸ்நானம் வாங்கினவதான் பாதர். நான் எங்க பாஸ்டர்கிட்ட பேசறேன்" என்றார்.

அடுத்த ஞாயிறு முதல் ஓலை வாசித்தோம். பையனின் சபை என்ற இடத்தில், அவர் தந்த கடிதத்தின் தலைப்பில் இருந்த பெயரையே எழுதியிருந்தோம். அதை வாசித்தபோது நம் மக்களில் சிலர் திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி வரிசையில், கைகட்டிக்கொண்டு, அந்த இளைஞரின் தந்தை நின்றிருந்தார். காலைச் சாய்த்துத்தான் நின்றார். திருப்பலி முடியும்வரை போகவில்லை.